பச்சைத் தூள் விழுந்த தாள்

செனாவாங் தொழிற்பேட்டையில் போய் இராஜமாணிக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் மாணிக்கம் என்றால் பத்துப் பேருக்குத் தெரியும். காளான் மாணிக்கம் என்று சொல்லிப் பாருங்கள், தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் மலாய்க்கார அம்மாவுக்குக்கூடத் தெரியும்!

வயது ஐம்பத்திரண்டு. இருபத்து நான்கு வருடமாக அதே தொழிற்சாலை, அதே ஃபோர்க்லிப்ட். சூப்பர்வைசர் ஆகவில்லை. கோயில் கமிட்டியில் பெயர் இல்லை. பாட வராது, பந்து ஆட வராது, நாலு பேர் கூடினால் பேசவும் வராது. ஆனால் நல்ல மழை ஒன்று பெய்து, இரண்டு நாள் வெயில் காய்ந்து, மறுபடி ஒரு மழை பிடித்தால் போதும். கேண்டீனில் ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

"பாஸ், வந்துருச்சா?"

"இந்த வாரம் எறங்குறீங்களாலா?"

"அவசரப்படாதீங்கடா. புத்து சொல்லணும்," என்பார் மாணிக்கம். வருடத்தில் அந்த இரண்டு மூன்று வாரங்கள் மட்டும்தான் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். மனிதனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி!

தம்பினுக்கும் கெமாசுக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவுக்குப் புல்வெட்டு வேலை, அம்மாவுக்கு ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. மற்றவர்கள் பானை சட்டி, கட்டில், சாமி படம் என்று ஏற்றிக்கொண்டு செனாவாங் வந்தார்கள். மாணிக்கம் தன் தலைக்குள் பதினைந்து கரையான் புற்றுகளைக் கொண்டுவந்தார். எந்த வரிசையில், எந்த ஓடைக்குப் பக்கத்தில், எது பெரியது, எது தாமதமாகப் பூக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனைவி திலகாவுக்குக்கூட இடம் சொன்னதில்லை.

பறிப்பதற்கு அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. புத்துக்காளானில் இரும்பு படக்கூடாது. மூங்கில் சிம்பை வைத்து மண் மட்டத்தில் சீவி எடுக்க வேண்டும். வேரைத் தொடவே கூடாது. பிடுங்கினால் புற்று கோபித்துக்கொள்ளும், அடுத்த வருடம் பூக்காது. அப்புறம், சமைத்த முதல் சட்டி பறித்தவன் வாய்க்குப் போகக்கூடாது. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். மாணிக்கம் இரண்டையும் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

தம்பின் பாசாரில் மயிலம்மாள் என்று ஒரு பெண் கீரை, வாழைப்பூ, காட்டுக் கறிவேப்பிலை எல்லாம் விற்பார். காளான் காலத்தில் காளானும் உண்டு. முழ நீளத்துக்கு வேரோடு, மண்ணோடு, அப்படியே கூடையில் அடுக்கி வைத்திருப்பார். மாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு வந்து கேண்டீனில் சிரிப்பார்.

"அது காளான் பறிக்கல, மரவள்ளிக் கெழங்கு பிடுங்குது. புத்தையே கொன்னுரும் அந்தம்மா!"

மேசையே சிரிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாகிவிட்டது: "நாளை இறங்குறேன்." கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு ராய்ஸ்டன் குரல் பதிவே அனுப்பியிருந்தான். ராய்ஸ்டனும் அதே தொழிற்சாலை, அதே ஷிப்ட். "ணே, மொத சட்டி எங்களுக்குத்தானே? பமீலா ரெண்டு நாளா கேட்டுக்கிட்டு இருக்கா. சர்ச் முடிஞ்சி நேரா வீட்டுக்கு வந்துருவோம், மத்தியானத்துக்கு வெளிய சாப்பிட மாட்டோம்!"

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மாணிக்கம் மோட்டாரை நிறுத்திவிட்டார். வரிசைகளைக் காணோம். வயசான செம்பனைகளைச் சாய்த்து, துண்டு போட்டு, நீள நீளமாகக் குவித்திருந்தார்கள். மறு நடவு. புல்டோசர் தடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் சேற்றில் இறங்கி நடந்தார். ஓடைக்குப் பக்கத்துப் புற்று இல்லை. மேட்டுப் புற்று இல்லை. ஒன்று, இரண்டு, ஐந்து என்று தேடித் தேடிப் பதினைந்தாவது இடத்துக்கு வந்தபோது, அங்கே சமமான செம்மண்தான் இருந்தது. யாரோ கையால் தடவிவிட்ட மாதிரி.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். "இந்த வருசம் இல்லடா, எல்லாத்தையும் தள்ளிட்டானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கோபித்துக்கொண்டிருப்பார்கள்? யாரும் இல்லை! ஆனால் காளான் இல்லாத காளான் மாணிக்கம் யார்? அந்தக் கேள்வியோடு அவர் மோட்டாரைக் கிளப்பினார். பாக்கெட்டில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

மெயின் ரோட்டுக்கு வரும் வழியில் தோட்டத்துப் பிள்ளைகள் பந்தாடிய பழைய பாடாங் இருக்கிறது. கோல் கம்பம் ஒன்று மட்டும் மிச்சம். அந்தப் புல்லில் பார்த்தார். வெள்ளை வெளேரென்று குடைகள். ஒன்றிரண்டு இல்லை, முப்பது நாற்பது. பெரிய வட்டமாக, பிள்ளைகள் கைகோத்து நிற்கிற மாதிரி நின்றன.

கிட்டே போய் உட்கார்ந்தார். இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அவர் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார்.

புற்று இல்லை, வெறும் புல்தரை. அதைப் பார்த்தார். புத்துக்காளானுக்குக் குடையின் நடுவில் மூக்கு மாதிரி ஒரு கூர் இருக்கும், மண்ணைக் குத்திக்கொண்டு வருவதற்கு. இதற்கு மழுங்கலாக, பழுப்பாக ஒரு வட்டம்தான். அதையும் பார்த்தார். குடை மேலே பழுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரத்துணியால் துடைத்தார், வந்துவிட்டது. மழை மண் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். நன்றாக விரிந்த ஒன்றைச் சீவி எடுத்துத் திருப்பினார். அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் இடம், பாசித் தண்ணீர் மாதிரி லேசான பச்சை.

மாணிக்கத்தின் கை அப்படியே நின்றது.

அடுத்ததைத் திருப்பினார். இளசு. அடி வெள்ளை. அதற்கடுத்தது, வெள்ளை. "அது முத்திப் போச்சு, அவ்வளவுதான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, பச்சை தெரிந்ததைப் புல்லுக்குள் தூர வீசினார். வெள்ளையாக இருந்தவற்றை மட்டும் மூங்கில் சிம்பால் மண் மட்டத்தில் சீவினார். வேரைத் தொடவில்லை. தொட்டிருந்தால், புற்றுக்குள் இறங்கும் அந்த நீள வேர் அங்கே இல்லவே இல்லை என்பது ஒரே இழுப்பில் தெரிந்திருக்கும். நாற்பது வருடமாகக் காப்பாற்றிய முறை, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருக்க அவருக்கு நல்ல சாக்காகிப் போனது.

வீட்டில் திலகா காளானைக் கழுவும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

"ஏங்க, நம்ம காளான் மாதிரி மணமே இல்லையே?"

"மழ ஜாஸ்தி. தண்ணி கோத்துருச்சு."

"தண்டும் என்னமோ மாதிரி…"

"ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? பூண்டப் போட்டுப் பாரு. கறுத்தா கொட்டிரு."

பூண்டு கறுக்கவில்லை. மஞ்சள் நிறம் மாறவில்லை. பூண்டும் மஞ்சளும் எந்த விஷக் காளானையும் காட்டிக் கொடுக்காது. அது வெறும் பேச்சு. ஆனால் மாணிக்கம் அந்த வெள்ளைப் பூண்டுப் பல்லைக் கரண்டியில் எடுத்துத் திலகாவிடம் காட்டினார், ஏதோ சர்டிபிகேட் காட்டுகிற மாதிரி.

நண்பகலுக்கு ராய்ஸ்டன் வீட்டுக்குச் சட்டிக் கறி போனது, மூடிபோட்ட நீல டப்பாவில். பமீலா வாசலிலேயே மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஐயோ அண்ணே, நீங்க இல்லன்னா இந்தத் தாமான்ல வேற எந்த வீட்டுல எங்களுக்கு இதெல்லாம் குடுப்பாங்க!"

மாணிக்கம் சிரித்தார். சாப்பிட உட்காரவில்லை. முதல் சட்டி ஆயிற்றே.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ராய்ஸ்டன் வந்து கேட்டை உலுக்கினான். முகம் வெளுத்து, சட்டை முன்பக்கம் முழுக்க வாந்தி. "ணே, காடிய எடுங்க ணே. பமீலா எந்திரிக்க மாட்டேங்குறா."

ராய்ஸ்டன் சாப்பிட்டது இரண்டு கரண்டி. பமீலா ஆசை ஆசையாக மீதி எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தாள். மாணிக்கம் ஓட்டிய காரின் பின்சீட்டில் அவள் சுருண்டு கிடந்து, வாளியை அணைத்துக்கொண்டு, நடுநடுவே "இயேசப்பா, இயேசப்பா" என்று முனகிக்கொண்டே வந்தாள். அந்த முனகல் மாணிக்கத்தின் பின்கழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண், குறிப்பேட்டோடு வந்தாள்.

"காளான் யாரு குடுத்தது?"

"நான்தாம்மா."

"எங்க பறிச்சது அங்கிள்? எடத்தச் சொல்லுங்க. வேற யாராச்சும் பறிச்சித் தின்னுறதுக்குள்ள தடுத்துறலாம்."

மாணிக்கம் வாயைத் திறப்பதற்குள், சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ராய்ஸ்டன் குறுக்கே வந்தான். "டாக்டர், அவரு மேல சந்தேகப்படாதீங்க. அவருக்குத் தெரியாத காளானே இல்ல. இது வேற என்னமோ. நாங்க காலைல சர்ச்சுல பசியாறுனோம், அதுவா இருக்கும்."

நினைத்துப் பாருங்கள்! வயிறு பிசைந்து நிற்கும்போதுகூட இவருக்காகப் பேசுகிறான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மாணிக்கத்தால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"இல்ல ராய்," என்றார் தரையைப் பார்த்து. "இந்த வாட்டி நான் பறிக்கல. புத்தெல்லாம் தள்ளிட்டானுங்க. பாசார்ல வாங்குனேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஒரு சின்ன வெட்கத்தை எடுத்து நீட்டி, பெரிய வெட்கத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். தன்னையே தாழ்த்திக்கொள்கிறவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

"எந்தப் பாசார்?"

"தம்பின்."

"யாரு வித்தது?"

அந்தப் பாசாரில் காட்டுக் காளான் விற்பது ஒரே ஒரு ஆள். மாணிக்கத்துக்கு அது தெரியும். "பேரு தெரியாது. ஒரு அம்மா. கீரை விக்கிறவங்க," என்றார். டாக்டர் எழுதிக்கொண்டாள்.

பமீலா ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. ஆனாலும் இரண்டு நாள் அவள் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சுகாதார அதிகாரிகள் தம்பின் பாசாருக்குப் போய் மயிலம்மாளின் காளானைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும்வரை காளான் விற்க வேண்டாம் என்று சொன்னார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராய்ஸ்டன் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டான். "தம்பின் பாசார்ல ஒரு அம்மா வெசக் காளான் விக்கிது. எம் பொண்டாட்டி சாவப் பாத்தா. மாணிக்கண்ணன் நல்ல மனுசன், அவரையே ஏமாத்திருச்சு. தயவுசெஞ்சி யாரும் அங்க எதையும் வாங்காதீங்க." யாரோ மயிலம்மாளின் படத்தையும் தேடி எடுத்துப் போட்டார்கள். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, படம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் எத்தனை குரூப்புக்குப் போனதோ.

கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "பாஸ் கவலைப்படாதீங்க. உங்க மேல தப்பு இல்ல."

திலகா போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாசார்ல வாங்குனதா?"

மாணிக்கம் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், அவர் பக்கத்தில் உட்கார மட்டும் மாட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கேண்டீனில் இன்னும் மோசம். ஆட்கள் வந்து அவர் தோளைத் தட்டினார்கள். "அந்தப் பொம்பளைய விடக்கூடாது பாஸ்." ஒருவன் அவருக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். ஆடை கட்டி ஆறும்வரை அது அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் தம்பின் பாசாருக்குப் போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பாசார் எப்போதும் போல ஜேஜே என்று இருந்தது. ஆற்றில் நடுவே கல் கிடந்தால் தண்ணீர் விலகிப் போகுமே, அப்படி மயிலம்மாளின் கூடை இருந்த இடத்தில் மட்டும் ஜனம் விலகிப் போனது. கங்கோங் கீரைக் கட்டுகள் வெயிலில் துவண்டு கிடந்தன.

"அண்ணே! காளான் அண்ணேதானே?"

கூப்பிட்டது மயிலம்மாள்தான். மாணிக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கண்ணே. ஒங்களத் தெரியும், எல்லாரும் சொல்வாங்க. ஒரு நிமிசம் இங்க பாருங்க." மயிலம்மாள் மூட்டைக்குள்ளிருந்து ஒரு காளானை எடுத்தார். விற்க இல்லை, காட்டுவதற்கென்றே ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வெள்ளிக்கெழமையே லெட்டர் குடுத்துட்டாங்க. ஆனா லெட்டர யாருண்ணே படிக்கிறா? போன்ல வந்ததத்தான் நம்புறாங்க. நீங்க பாருங்க, இதுல என்ன கொற?"

கொடுத்தார். மாணிக்கம் வாங்கினார். நடுவில் கூர் மூக்கு. வழவழ குடை. கீழே தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, எலி வால் மாதிரி ஒரு முழம் நீண்ட வேர், நுனியில் புற்று மண் ஒட்டியபடி.

"நான் வேரோடதாண்ணே எடுப்பேன். ஏன் தெரியுமா? வாங்குறவங்க கண்ணால பாக்கணும். இந்த வால் இருந்தா புத்துலேர்ந்து வந்தது. மொட்டையா, கீழ குண்டா இருந்தா தொடாத. சந்தேகம் வந்தா தொடவே தொடாத. அப்புறம் அந்த ஆபிசர் தம்பி ஒண்ணு சொன்னாரு. குடைய வெள்ளத் தாள்ல கவுத்து, மேல கஞ்சி மங்கு போட்டு ஒரு ராத்திரி மூடி வச்சா தூள் விழுமாம். நம்மளோடது ரோசா நெறத்துல விழுந்துச்சு. வெசத்தோடது பச்சையா விழும்ன்னாரு. எளசா இருக்கப்ப அடி வெள்ளையாத்தான் இருக்குமாம், அதான் ஏமாந்துருவாங்களாம்."

மாணிக்கம் அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்ண்ணே. காளான் அண்ணே சொல்லிட்டாருன்னா சனம் நம்பும். சொல்றீங்களா?"

இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? இல்லை. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? காளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாப்போம்மா, பாப்போம்" என்று முனகிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து நடந்துவிட்டார். கிட்டத்தட்ட ஓட்டம். முதுகில் மயிலம்மாளின் குரல் கேட்டது: "பசியாறிட்டுப் போங்கண்ணே!"

மோட்டார் தானாகப் போகிற மாதிரி அந்தப் பாடாங்குக்குத்தான் போனது. வட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. மாணிக்கம் புல்லில் மண்டியிட்டார். மூங்கில் சிம்பைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காளானின் அடியில் விரல்களை விட்டு நெம்பினார். வாழ்நாளில் முதல் தடவையாக வேரோடு எடுத்தார்.

வேரே இல்லை. வெங்காயத் தலை மாதிரி ஒரு சின்னக் குண்டு. ஒரு விரல் ஆழம்கூட இல்லை. பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத புல்தரையில்.

வீட்டுக்கு வந்து அந்தக் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே மங்கைப் போட்டு மூடினார். திலகா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, மங்கின் மேல் யாரும் தெரியாமல் கை வைத்துவிடக்கூடாது என்று ஒரு துண்டை எடுத்து மூடிவைத்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் மங்கைத் தூக்கினார். தாளில் சூரியன் மாதிரி, நடுவில் ஒரு வட்டம் விட்டு, கோடு கோடாக, மிக மெல்லிய பச்சைத் தூள். அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

அந்தத் தாளைக் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ராய்ஸ்டன் வீட்டுக்குப் போனார். பமீலா நாற்காலியில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"வாங்கண்ணே, ஒக்காருங்க."

"ஒக்காரலம்மா." தாளை மேசையில் வைத்தார். "பாசார்ல வாங்கல. நாந்தான் பறிச்சேன். தோட்டத்துப் பாடாங்குல."

ராய்ஸ்டனுக்கு முதலில் புரியவில்லை. பமீலாவுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டாள்.

"தெரியாமத்தானே குடுத்தீங்க?"

தப்பித்துக்கொள்ள அவளே ஒரு கதவைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்துவிட்டிருக்கும். மாணிக்கம் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"சந்தேகம் இருந்துச்சு. ஒண்ணத் திருப்பிப் பாத்தேன். அடி பச்சையா இருந்துச்சு. அத மட்டும் தூக்கி வீசிட்டேன்."

"அத மட்டும்?"

"அத மட்டும்."

மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. ராய்ஸ்டன் எழுந்து உள்ளே போனான். அடிக்க எதையாவது எடுக்கப் போகிறான் என்றுதான் மாணிக்கம் நினைத்தார்; எடுத்தால் நல்லது என்றுகூட நினைத்தார். அவன் நீல டப்பாவோடு வந்தான். நன்றாகக் கழுவித் துடைத்து, மூடி போட்டிருந்தது.

"இந்தாங்க, ஒங்க டப்பா. குரூப்புல நீங்களே சொல்லிருங்க. என் வாயால அந்தம்மாவத் திட்டுனேன், என் வாயால ஒங்களத் திட்ட முடியல."

'ணே' என்று கூப்பிடவில்லை. கேட்டைச் சத்தம் இல்லாமல் சாத்தினான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அந்தச் சின்னப் பெண் டாக்டரிடம் பாடாங் இருக்கும் இடத்தைச் சொன்னார். அவள் இடத்தை எழுதிக்கொண்டாள். பிறகு, "இப்பவாச்சும் சொன்னீங்களே அங்கிள்," என்றாள். குரூப்புக்குக் குரல் பதிவு மூன்று தடவை அழிந்து நாலாவது தடவைதான் போனது. "அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பறிச்சது நான். பொய் சொன்னதும் நான்." அன்றைக்குக் கைதட்டல் படம் ஒன்றும் வரவில்லை. நீல டிக் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தது. கேண்டீனில் அவர் மேசையில் அவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனால் முக்கியமான ஒரு ஆளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் குரூப்பில் மயிலம்மாள் இல்லை.

மறு ஞாயிறு பாசாரில் கூடை முன்னால் போய் நின்றார். மயிலம்மாள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"வந்துட்டீங்களா! பாப்போம்னீங்களே…"

"ஒங்க பேரக் கெடுத்தது நாந்தாம்மா."

முழுவதையும் சொன்னார். பாடாங், பச்சை, டாக்டர், "ஒரு அம்மா, கீரை விக்கிறவங்க." கேண்டீனில் மரவள்ளிக் கிழங்கு என்று சிரித்ததையும் விடவில்லை. சொல்லச் சொல்ல மயிலம்மாளின் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கங்கோங் கட்டைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் இதே எடத்துல ஒங்க கையில காளானக் குடுத்தேன்," என்றார் கடைசியில். "ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கெஞ்சுனேன்."

"ஆமாம்மா."

"அப்பவும் சொல்லல."

"சொல்லல."

"என் மவ அந்தப் படத்தப் பாத்துட்டு ரெண்டு நாளு வேலைக்குப் போவல. 'இது ஒங்க அம்மாதானே'ன்னு கேட்டாங்களாம்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்கு அது வேணாம். கையில என்ன?"

பிளாஸ்டிக் உறைக்குள் பச்சைத் தாள். மயிலம்மாள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கூடைக்குப் பின்னாலிருந்து தன்னுடையதை எடுத்தார். அதே மாதிரி உறை, ரோசா நிறத் தூள். இரண்டையும் தூணில் பக்கத்தில் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். ரோசாவுக்குக் கீழே 'மயிலம்மாள், தம்பின்' என்று ஏற்கனவே எழுதி இருந்தது.

"பேனா இருக்கா?" என்றார்.

மாணிக்கம் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஒங்களோடதுல ஒங்க பேரப் போடுங்க."

பாசார் ஜனம் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தது. தெரிந்த முகங்களும் இருந்தன. மாணிக்கம் ஒரு அட்டைத் துண்டை எடுத்து, தூணில் வைத்து எழுதினார். இராஜமாணிக்கம், செனாவாங். விஷக் காளான் பறித்தது நான். இந்த அம்மா இல்லை.

மயிலம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கு," என்றார். "அட்டையத் திருப்பிப் பெருசா எழுதுங்க."